கல்வியின் மறுபாதி

பிறருக்குக் கற்பிக்கின்றவர் கொடுக்கின்றவரா, பெறுகின்றவரா? இவ்வினாவைக் கேட்டவுடன் பெரும்பாலோர், ‘கொடுக்கின்றவரே’ என்று விடை கூறிவிடுவர். ஆசிரியர் நிறைகுடம், மாணாக்கர் வெறுங்குடம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாஸ்திர தானத்தையும் சேர்த்துத் தானம் நால்வகை என்று நம் முன்னோர் வகுத்தனர். தானம் என்றால் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர் என்று எண்ணுவது இயல்புதானே?

ஆயினும் இத்தானத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நெல்லைக் கொடுத்தால் கொடுத்தவர் குதிரில் அந்த அளவு குறையும். கல்வியைக் கொடுத்தால் குறையாது. இதனை எல்லோரும் சொல்வர். நாம் சொல்ல விரும்புவது இதற்கும் ஒரு படி மேலானது. கொடுக்காத வரையில் கல்வி நிறைவதே இல்லை என்பதுதான் அது.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நம்மில் பலர் இலக்கண நூலாக மட்டுமே அறிவர். அதன் பொதுப்பாயிரமோ ஆசிரியர் எத்தன்மையர், மாணாக்கர் எத்தன்மையர், எவ்வாறு கற்பிப்பது, எவ்வாறு கேட்பது என்பவற்றைத் தெளிவாக உரைக்கும் கல்வியியல் பகுதியாகும். ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு மேலைநாட்டு அறிஞர்களின் கொள்கைகளைப் பாடமாகச் சொன்ன நாள்களில், இப்பாயிரத்தையும் அருகே வைத்துப் படிப்பது நம் வழக்கம். அதில் முனிவர் ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்தடையும். இக்கணக்கின்படி, கற்றுவிட்டு வாளா இருப்பவர் அரைக் கல்வியோடு நிற்பவர்; கற்பிக்கத் தொடங்கியவரோ மறுபாதியைக் கற்கத் தொடங்கியவர்.

தத்துவார்த்த சூத்திரமும் இக்கருத்தையே வேறு வகையில் நிலைநிறுத்துகின்றது. உமாசுவாமி ஆசாரியர் அகத்தவங்கள் ஆறனுள் சுவாத்தியாயத்தை ஒன்றாக வைத்து, அதனைப் படித்தல், ஐயம் வினாவுதல், சிந்தித்தல், பிழையின்றி ஓதுதல், அறம் உரைத்தல் என ஐந்தாகப் பகுக்கின்றார். தன்னைத் தான் பயிற்றிக் கொள்ளும் தவத்தின் ஐந்தாம் வகையாகப் பிறருக்கு உரைத்தலை வைத்திருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பிறருக்குச் சொல்வது நம் கல்வி முடிந்த பின் செய்யும் தொண்டன்று. அது நம் கல்வியின் உறுப்பேயாகும். அவ்வாறே, வினாவுதல் அதன் இரண்டாம் வகையாக இடம்பெற்றிருப்பதும் சிந்திக்கத்தக்கது. ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள்’ என்று கேட்பதையே ஒரு தவமாக வைத்தனர். அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பது, வயது முதிர்ந்த பின் கேட்டுப் பார்த்தவர்க்கே விளங்கும்.

முதியோர் கல்வி என்னும் பெயர்

1978 அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு அளிப்பது அதன் குறிக்கோள். நம் ஊர்களில் அது ‘முதியோர் கல்வி’ என்றே வழங்கிற்று. இருபது வயது நிரம்பாத ஒரு பெண்ணையும் முதியோர் கல்விக்கு வருமாறு அழைக்க வேண்டியிருந்தது. அப்பெயரிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருந்ததைக் காணலாம். கல்விக்கு உரிய பருவம் குழந்தைப் பருவமே. அதனைத் தவறவிட்டவர் எவ்வயதினராயினும் முதியோரே என்பதுதான் அத்தீர்ப்பு. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் ‘வயது வந்தோர் கல்வி’ என்னும் சொல்லும் விலக்கப்பெற்று, ‘அனைவருக்கும் கல்வி’ என்பது ஏற்கப்பெற்றது. ஒரு பெயர் திருந்துவதற்கு 44 ஆண்டுகள் ஆயின.

அக்காலத்து இரவு மையங்களில் பகற்பொழுதில் சிறுவர்க்குக் கற்பித்த நாமே மாலையில் வளர்ந்தவர்க்கும் கற்பித்தோம். அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்திருந்தோருள் பெரும்பாலோர் பகலெல்லாம் கழனியில் நாற்று நட்டும் களையெடுத்தும் வந்த மகளிர். சிறுவர்க்குக் கற்பிக்கும்போது உணராத ஓர் உண்மை அங்கே புலனாயிற்று. சிறுவர், ஆசிரியர் சொல்வதை ஏன் என்று கேளாமலே ஏற்றுக்கொள்வர். வளர்ந்தவர், இது எனக்கு எதற்கு என்று கேட்பர். வாயால் கேளாவிடில் மறுநாள் வாராதிருந்து கேட்பர். அவ்வினாவிற்கு விடை தேடும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது. அவ்விடையைத் தேடும்போதுதான் ஆசிரியரும் மாணாக்கராகின்றார்.

ஒரு நாள் கணக்குப் பாடம். ஐந்து கலம் நெல்லில் எட்டில் ஒரு பங்கு எவ்வளவு என்பது வினா. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்னும் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து கலத்தை அறுபது மரக்காலாக மாற்றி, எட்டால் வகுக்க முற்படுமுன்பே, எழுத்தறியாத ஒரு பெண்மணி, ‘ஏழு மரக்கால் நாலு படி’ என்று கூறிவிட்டார். எவ்வாறு கண்டீர்கள் என்று கேட்டோம். ‘குவியலைப் பாதியாக்கினால் முப்பது மரக்கால், அதில் பாதி பதினைந்து, அதில் பாதி ஏழரை. களத்தில் அப்படித்தானே பிரிப்போம்?’ என்றார். எட்டால் வகுப்பது மும்முறை பாதியாக்குவதே என்பதை நாமும் பள்ளியில் படித்தவர்தாம். ஆயினும் அதனைக் குவியலாகக் கண்ணெதிரே காட்டியவர் அவரே. அதன்பின் பயிற்சி ஆசிரியர்களுக்கு வகுத்தல் பாடம் நடத்தும்போதெல்லாம் அம்முறையை, களத்துமேட்டில் ஒரு தாயிடம் கற்றது என்று சொல்லியே கற்பித்து வந்தோம். யாரிடம் கற்றோமோ அவரை மறையாமல் கூறுதல் ஞானாசாரத்தின் எட்டு உறுப்புகளுள் ஒன்றன்றோ?

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவித்தார். அரிச்சுவடியின் முதலெழுத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. அம்மக்களின் வாழ்வில் புழங்கிய ‘செங்கல்’ போன்ற சொற்களை எடுத்துக்கொண்டு, அச்சொல்லைப் பற்றிப் பேசவிட்டு, பின்னர் அதனை அசைகளாகப் பிரித்து, அவ்வசைகளைக் கொண்டே புதுச் சொற்களை அவர்களே ஆக்குமாறு செய்தார். ஆசிரியர் பணத்தைப் போடுவது போலவும், மாணாக்கர் பெட்டியைப் போல வாங்கி வைத்துக்கொள்வது போலவும் நடைபெறும் கல்வியை அவர் வன்மையாக மறுத்தார். நம் மையங்களிலும் 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்த பிறகே சொல்லுக்கு வருவது என்றிருந்தால் பாதிப் பேர் நின்றுவிடுவர். ‘பட்டா’, ‘கூலி’, தம் பிள்ளையின் பெயர் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் அவர்களே அடுத்த எழுத்தைக் கேட்பர்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இதனைப் பெரிய அளவில் செய்து காட்டிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். கற்பிக்கச் சென்ற தொண்டர்களும் கற்க வந்த தாய்மார்களும் ஒரே திடலில் விழுந்து எழுந்து பழகினர். 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 51 பேர். 2011-இல் நூற்றுக்கு 73 பேர். பள்ளிகளும் இயக்கங்களும் குடும்பங்களும் சேர்ந்து ஈட்டிய வளர்ச்சி இது.

இரண்டு இடர்கள், ஒரே வேர்

முனிவர்கள் பொறுத்து வெல்ல வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும். பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் எனத் தொடங்கும் அவ்வரிசையில் இருபதாவதும் இருபத்தொன்றாவதும் நம் பொருளுக்கு மிகவும் உரியவை. ஒன்று பிரக்ஞா பரீஷகம். கற்றவன் யான் என்னும் செருக்கு எழும் இடர். மற்றொன்று அஞ்ஞான பரீஷகம். எவ்வளவு முயன்றும் அறிவு வாய்க்கவில்லையே என்று உள்ளம் சோரும் இடர். முன்னது கற்றவர்க்கு வருவது. பின்னது கல்லாதவர்க்கு வருவது. எனவே இவை ஒன்றற்கொன்று எதிரானவை என்றே நாம் எண்ணுவோம். சூத்திரமோ இவ்விரண்டும் ஞானாவரணீயம் என்னும் ஒரே கர்மத்தால் விளைவன என்று கூறுகின்றது.

இதனை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. அறியாமையால் வரும் சோர்வு அறிவை மறைக்கும் வினையின் பயன் என்பது எளிதில் விளங்கும். அறிவால் வரும் செருக்கு எங்ஙனம் அவ்வினையின் பயனாகும்? முழுதுணர்ந்தவர்க்குச் செருக்கில்லை, அறிவின் ஒரு பகுதி திறந்து மறுபகுதி மூடியிருப்பதனால்தான், திறந்த பகுதியையே முழுமையென்று மயங்கிச் செருக்குகின்றோம். ஆகவே செருக்கும் ஒரு திரையே.

கல்வி மையங்களில் இதனைக் காதாரக் கேட்டிருக்கின்றோம். ‘இந்த வயதில் எனக்கு எங்கே ஏறப் போகிறது?’ என்பார் கற்க வந்தவர். ‘இந்த வயதில் இவர்களுக்கு எங்கே ஏறப் போகிறது?’ என்பார் புதிதாகக் கற்பிக்க வந்த இளைஞர். இருவர் வாயிலிருந்தும் வரும் சொல் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் தம்மைத் தாழ்த்திச் சொல்கின்றார். மற்றவர் தம்மை உயர்த்திச் சொல்கின்றார். இருவரையும் மூடியிருப்பது ஒரே திரை. அதனால் அத்திரை ஒருவருக்கு மட்டும் தனியே விலகுவதில்லை. கற்க வந்தவர் தலைநிமிர்ந்து தாம் அறிந்ததைச் சொல்லத் தொடங்கும்போதே, கற்பிக்க வந்தவரின் செருக்கும் மெல்லத் தளர்கின்றது. பிறருக்கு உரைக்கும்போது வந்தடையும் அந்த அரைப்பங்கு யாதென்று கேட்டால், இத்தளர்ச்சியே அதன் தலையாய பகுதி என்போம்.

உயிரின் இயல்பே அறிவு என்பது நம் சமயத்தின் அடிப்படை. ஓரறிவு உயிர்க்கும் அதற்குரிய அறிவு உண்டு. அறிவு அறவே இல்லாத உயிர் என்று ஒன்றில்லை. எழுத்தறியாதவர் வேறு, அறிவில்லாதவர் வேறு. இல்லாத ஒன்றை ஆசிரியர் உள்ளே வைப்பதில்லை. உள்ளே இருப்பதை மூடிய திரை விலகுவதற்குத் துணை செய்கின்றார். இந்நம்பிக்கை உடையவர் ஐம்பது வயதில் எழுத்துக் கற்க வருபவரைக் கண்டு ஏளனம் செய்யார். எழுபது வயதில் தாமே ஒரு மாணாக்கராய் அமர நேர்ந்தாலும் நாணார்.

உதவியா, தடையா?

இப்போது நம் இல்லங்களுக்குள் வருவோம். நம் குடும்பங்களில் படிப்பறியாத இளையோர் இன்று அரியர். ஆனால் வேறொரு வகைக் கல்லாமை நம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றது. கைபேசியில் பணம் அனுப்புதல், மின்கட்டணம் செலுத்துதல், வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்தல், மருத்துவரிடம் முன்பதிவு செய்தல் ஆகியவற்றை அறியாத முதியோர் மிகப் பலர். கைபேசிவழிப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. அப்போது நம் தலைமுறையினர் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. பட்டம் பெற்ற ஆசிரியர்களும் இவ்வகையில் அரிச்சுவடி மாணாக்கரே.

பேரப்பிள்ளைகள் அன்புடையவர்கள், ஆனால் விரைவுடையவர்கள். ‘கொடுங்கள் பாட்டி, நானே செய்து தருகிறேன்’ என்று கைபேசியை வாங்கி, அரை நிமிடத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவர். வேலை முடிந்தது; கல்வி நடைபெறவில்லை. மறுமாதமும் பாட்டி கேட்க வேண்டும். மீண்டும் கேட்க நாண வேண்டும். சில மாதங்களில், ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்று சொல்லிப் பழகிவிடுவார். அஞ்ஞான பரீஷகம் ஒருவரிடத்தில் இவ்வாறே குடிபுகுகின்றது.

ஞானாவரணீய கர்மம் நம்மை வந்தடைவதற்குரிய காரணங்களைச் சூத்திரம் அடுக்கிக் கூறுகின்றது. அறிவின்மீதும் அறிவுடையார்மீதும் காழ்ப்பு, அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கற்பியாதிருத்தல், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல், அறிவை அவமதித்தல், மெய்யறிவைப் பழித்தல் என்பன அவை. இவற்றுள் இடையூறு செய்தல் என்பது ஏட்டைப் பறிப்பதும் விளக்கை அணைப்பதும் மட்டுமன்று எனக் கருதுகின்றோம். ஒருவர் தாமே செய்யக் கற்கக்கூடிய ஒன்றைக் கற்பியாமல், நாமே எப்போதும் செய்து கொடுத்து வருவதும் அதன் மெல்லிய வடிவம் ஆகாதா? கெட்ட எண்ணம் அதில் இல்லை; பொறுமையின்மையே உண்டு. எனினும் அதன் விளைவு ஒருவரின் அறிவு மூடிக் கிடப்பதே.

‘முதியவருக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது அறமன்றோ? அதனைத் தடை என்பது பொருந்துமோ?’ என்று சிலர் வினவலாம். அகத்தவங்களுள் வையாவிருத்தியம் என்னும் பணிவிடையும் ஒன்றே. கண்பார்வை மங்கியவர்க்கும், கை நடுங்குபவர்க்கும், நோயுற்றவர்க்கும் செய்து கொடுப்பதே கடமை. அங்கே கற்பிக்கிறேன் என்று வருத்துவது இம்சையாகும். இயலாமை வேறு, பயிலாமை வேறு என்பதே நாம் கூறுவது. எது எது என்பதை நாமே முடிவு செய்துவிடாமல், ‘செய்து தரட்டுமா, சொல்லித் தரட்டுமா?’ என்று அவரையே கேட்பது பணிவுடைய வழி.

முதியோர்க்கும் ஒரு கடமை உண்டு. நம் இல்லத்தில் கைபேசிக் கல்வியை நமக்குத் தந்தவர் பதினொரு வயதுப் பேத்தி. ‘ஒரு முறை நீ செய்து காட்டு, இரண்டாம் முறை நீ சொல்லச் சொல்ல நாம் செய்கிறோம், மூன்றாம் முறை நாம் செய்ய நீ வாய் திறவாமல் பார்’ என்று முறை வகுத்துக் கொண்டோம். பயிற்சி ஆசிரியர்களுக்குப் பல்லாண்டு சொல்லித் தந்த முறைதான் அது. நாம் தயங்கிய போதெல்லாம் அச்சிறுமி, தான் எந்தப் பொத்தானை ஏன் அழுத்துகிறாள் என்று தனக்கே தெரியாதிருந்ததை உணர்ந்து, சிந்தித்து விடை கூறினாள். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு அவளுக்கும் கிடைத்ததைக் கண்டு மகிழ்ந்தோம். இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லலாகாது, பணம் பெறுவதற்கு அந்த எண்ணைப் பதிய வேண்டியதே இல்லை என்னும் இரண்டையும் அவளிடமே கற்றோம். தொலைபேசியில் இனிமையாகப் பேசிப் பணத்தைக் கவர்வோர் மலிந்த இக்காலத்தில், பாதுகாப்புக்கும் கல்வியே துணை.

எதனைக் கற்பது?

முதுமையில் உயிர்நலத்தை நாடாமல் கைபேசியை நாடுவது முறையா என்னும் ஐயமும் எழக்கூடும். ஐயம் தக்கதே. கற்பன எல்லாம் நல்ஞானம் ஆகிவிடா. நற்காட்சி வழிநின்று, நல்லொழுக்கத்தில் சென்று முடிவதே நல்ஞானம். பொழுதுபோக்கிற்காக இரவெல்லாம் திரையை நோக்கியிருப்பது, வயதில் மூத்தவர் செய்தாலும் கல்வியாகாது.

எனவே ஓர் அளவுகோல் வேண்டும். இதைக் கற்பதனால் பிறர்க்கு நாம் தரும் சுமை குறைகின்றதா? நம்மால் பிறர்க்கு ஒரு நன்மை கூடுகின்றதா? சினமும் பற்றும் குறைகின்றனவா, மிகுகின்றனவா? இம்மூன்று வினாக்களுக்கும் நேர்மையான விடை கூறிக்கொண்டால், எதனைக் கற்பது, எதனை விடுப்பது என்பது தெளிவாகும். நமக்குத் தெரிந்த மூதாட்டியார் ஒருவர் கைபேசியின் எழுத்தைப் பெரிதாக்கப் பழகியபின், மங்கிய கண்களுக்கு எட்டாதிருந்த சாஸ்திரங்களை மீண்டும் படிக்கத் தொடங்கியுள்ளார். கருவி உலகியல் சார்ந்தது. அதன் பயன் சுவாத்தியாயம்.

கற்றலுக்குப் பணி ஓய்வு என்பதில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்குகின்றார். மாணாக்கர் வருகைப் பதிவேட்டிலிருந்து அன்று. கற்பதை நிறுத்திவிட்ட ஆசிரியர், கற்பிக்கும் தகுதியையும் மெல்ல இழந்துவிடுகின்றார். ஏனெனில், தெரியாத நிலை எப்படியிருக்கும் என்பதை அவர் மறந்துவிடுகின்றார். அதை மறவாதிருக்க ஒரே வழி, எந்த வயதிலும் ஏதேனும் ஒன்றில் தொடக்க மாணாக்கராய் இருப்பதேயாகும்.

நாம் செய்யக்கூடியவை

வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல் என்னும் ஊர்க் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும், அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கு ஓர் இடர் நேர்ந்தபோது, அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர். ஒன்பதாம் நூற்றாண்டில் நம் சிற்றூர் ஒன்று ஐந்நூறு மகளிரின் கல்வியைத் தன் பொறுப்பாகக் கொண்டது என்பதை எண்ணிப் பெருமைப்படுவதோடு நின்றுவிடலாகாது. கற்பவரையும் கற்பிப்பவரையும் தாங்குவது ஊரின் கடமை என்பதே அக்கல்வெட்டு நமக்குச் சொல்லும் பாடம்.

இன்று ஐந்நூறு பேரைத் தாங்க வேண்டியதில்லை. நம் ஜினாலயங்களில் விழா நாள்களில் கூடும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பள்ளி மாணவர் ஒருவர் முதியவர் ஒருவருக்குக் கைபேசியில் ஒரு செயலைக் கற்பிக்கட்டும். அடுத்த ஒரு மணி நேரம், அம்முதியவர் அம்மாணவருக்கு நன்னூலில் ஒரு சூத்திரத்தையோ, ஓலைச்சுவடி எழுத்தையோ, தாம் அறிந்த ஒரு தோத்திரத்தைப் பிழையின்றி ஓதும் முறையையோ கற்பிக்கட்டும். நம் வீட்டில் பணிபுரியும் பெண்மணிக்குக் கையொப்பமிடத் தெரியாதெனில், பகலுணவிற்குப் பின் கால் மணி நேரம் அவரோடு அமர்வோம். அவரிடமிருந்து நாம் கற்கக்கூடியது யாது என்றும் கேட்போம்.

சாஸ்திர தானம் செய்ய ஏடும் பொருளும் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ‘நானே செய்து தருகிறேன்’ என்று சொல்லும் இடத்தில், ‘வாருங்கள், சேர்ந்து செய்து பார்ப்போம்’ என்று சொல்வதே அத்தானத்தின் தொடக்கம். அப்படிச் சொல்லும் இல்லத்தில் பாட்டியும் பேத்தியும் ஒருவர்க்கொருவர் ஆசிரியர்; ஒருவர்க்கொருவர் மாணாக்கர்.